காரங்காடு அலையாத்திக் காடு: தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள்

ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பூர் தாண்டிக் கடல் பக்கம் திரும்பினால் காரங்காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. படகுச் சவாரி, கயாக் எனும் சிறு துடுப்புப் படகு, கண்காணிப்புக் கோபுரம் எல்லாம் உண்டு. நண்பரோடு போக மாசி, பங்குனிதான் தோது. வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று இன்னும் கிளம்பியிருக்காது.

மாதத்தைவிட முக்கியம், ஏற்றவற்றம். பாக் நீரிணையில் கடல் ஏறி இறங்கும் அளவே குறைவு. ஆனாலும் வற்றத்தில் கால்வாய் ஓரங்களில் படகு சேற்றைத் தட்டும், உள்ளே நுழையவும் முடியாது. ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் கூடுதலாக ஏறும்.

கயாக்கில் இருவர் ஏறினால் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவர் துடுப்பின் தாளத்தை வைக்க, பின்னவர் அதையே பிடித்துத் திசையும் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு தாளமாகப் போட்டால் துடுப்புகள் மோதும், படகு கரைக்குள் சொருகும். அப்போது தலைக்கு மேலே உள்ள கிளையைப் பிடிக்கவே கூடாது. கை நிற்கும், படகு நகரும், கவிழ்வது அப்படித்தான். தண்ணீர் ஏறும்போது கடல் முகம் நோக்கிப் போனால் எதிர்நீர், திரும்பும்போது நீரே தள்ளிக்கொண்டு வரும். மிதவைச் சட்டையின் தோள்பட்டையைத் தூக்கிப் பாருங்கள். காதைத் தொட்டால் வாரை இன்னும் இறுக்க வேண்டும்.

இங்கே பெரும்பாலும் வெண்கண்டல் மரங்கள். இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்; வேர் இழுத்த உப்பை இலை வெளியே தள்ளுகிறது. சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் இவற்றின் நுண்துளைகள் வழியாகத்தான் சுவாசிக்கிறது. மிதித்து ஒடித்தால் அடி வேருக்குக் காற்றுப் போகாது. படம் எடுக்கவென்று இறங்காதீர்கள், தயவுசெய்து. படகில் இருந்தபடியே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டு அதை மேலும் கீழும் ஆட்டுவதைப் பார்க்கலாம். பேச்சு நின்றால்தான் அது வளையை விட்டு வெளியே வரும்.

முகமூடி போட்டு நீருக்கடியில் பார்ப்பதைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பக்கம் வண்டல் அதிகம், நீர் கலங்கலாக இருக்கும். கடல்தாழை எனும் கடற்புல் தெரிந்தால் நல்லது. அதை மேயும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, எதிர்பார்த்துப் போகக் கூடாது. பவளப்பாறை பார்க்க ஆசையென்றால் மன்னார் வளைகுடாப் பக்கம் போவதே சரி.

வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது, கால்வாயின் நடுவில் நிழல் கிடையாது. முழுக்கைச் சட்டையும் பின்வார் உள்ள செருப்பும் போதும். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து நண்டு கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்றாலும் நாட்டுப்படகுகள் போகும், அவற்றின் வலையில் நண்டு விழும்.