அனுப்பும் ஃபேக்ஸில் கோடு விழுகிறதா? டிரம் மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் 11 வருஷமாக ஜெராக்ஸ், டைப்பிங், ஃபேக்ஸ் கடை நடத்துகிறேன். இந்த ஐப்பசியில் ஒரு சர்வீஸ்காரரிடம் 6,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒரு அம்மாவின் மனு என் கடையிலிருந்து கெட்டுப்போய்ச் சேர்ந்ததை நினைத்தால்தான் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

இப்போது யார் ஃபேக்ஸ் அனுப்புகிறார்கள் என்று கேட்பீர்கள். 2013 ஜூலையில் தந்தி நின்றபிறகு எங்கள் தெருவில் அந்த வேலையை ஃபேக்ஸ்தான் பார்க்கிறது. வீட்டு ஆளை ராத்திரி போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், விடிந்ததும் வீட்டார் வக்கீலோடு வந்து நிற்பார்கள். எஸ்.பி. ஆபீஸுக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மனு போகும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்று பின்னால் வழக்காடும்போது, ஃபேக்ஸ் போனதும் மெஷின் அடித்துத் தரும் ரிப்போர்ட்டில் இருக்கும் தேதியும் மணியும் வக்கீலுக்குக் கைகொடுக்கும்.

எங்களுடையது பிரிண்ட், காப்பி, ஃபேக்ஸ் மூன்றும் சேர்ந்த லேசர் மெஷின். மழை தொடங்கிய வாரம், தாளை வைத்தால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் மேல் ஃபீடரில் வைத்து எடுக்கும் காப்பியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு விழ ஆரம்பித்தது. கீழ் டிரேயிலும் பேப்பர் சில நேரம் இழுக்காது, சில நேரம் இரண்டாக வரும். தெரிந்தவர் ஒருவர் நம்பர் கொடுத்து அந்த சர்வீஸ்காரத் தம்பி வந்தார். மூடியைத் திறந்து பார்த்த உடனே, "அக்கா, டிரம் போயிருச்சுக்கா. மாத்தாம ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். டிரம் (தாளில் எழுத்தைப் பதிக்கும் உருளை), டோனர் (மைத்தூள்), ரோலர் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 6,800. பழைய டிரம்மைக் கேட்டேன். "கம்பெனிக்கு ரிட்டர்ன் பண்ணணும்க்கா" என்று பையில் போட்டுக்கொண்டார். பில் நாளைக்கு அனுப்புகிறேன் என்றார், இன்றுவரை வரவில்லை.

போகும் முன்னால் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் காட்டினார். பளிச்சென்று இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தால் அதற்கு முன்பும் பளிச்சென்றுதான் வந்துகொண்டிருந்தது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அந்த அம்மா வந்தார். மனு 3 பக்கம். ஃபீடரில் வைத்து அனுப்பினேன், ரிப்போர்ட் வந்தது, கொடுத்துவிட்டேன். வக்கீல் மனு போன ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. ஸ்டேஷன் பெயர் மேலேயே கோடு ஏறியிருக்கிறது, கடைசிப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். அனுப்பிய பக்கம் 2 என்று அதில் தெளிவாகவே இருந்தது. இரண்டு தாள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. "ஓகே" என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு நான் கொடுத்திருக்கிறேன். ஃபேக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் தயவுசெய்து ரிப்போர்ட்டில் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள்.

அன்று மத்தியானம், டவுனில் ரொம்ப காலமாக டைப்ரைட்டரும் ஃபேக்ஸும் பார்க்கிற அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டேன். ஸ்குரூடிரைவரைத் தொடவே இல்லை. ஒரே தாளை முதலில் ஃபீடரில் வைத்துக் காப்பி எடுத்தார், கோடு வந்தது. அதையே கண்ணாடி மேல் குப்புற வைத்து எடுத்தார், கோடு இல்லை. "டிரம் கெட்டிருந்தா ரெண்டுலயும்லா வரணும்? அனுப்புற ஃபேக்ஸுல டிரம்முக்கு என்னம்மா வேலை?" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஃபேக்ஸ் அனுப்பும்போது மெஷின் தாளைப் படிக்க மட்டும்தான் செய்கிறது. டோனரும் டிரம்மும் அச்சடிக்கும்போதுதான் வேலைக்கு வரும். ஆகவே வருகிற ஃபேக்ஸ் சுத்தமாக இருந்து, ஃபீடர் காப்பியிலும் அனுப்புகிற ஃபேக்ஸிலும் மட்டும் கோடு இருந்தால், கோளாறு படிக்கிற பக்கத்தில். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். ஃபீடரில் வைத்தால் படிக்கிற கண் அந்தப் பட்டைக்குக் கீழே அசையாமல் நிற்கும், தாள்தான் நகரும். பட்டையில் கடுகளவு அழுக்கு இருந்தாலும் தாள் முழுக்க அது கோடாக இழுபடும். பெரிய கண்ணாடியில் கண் நகர்வதால் அதே அழுக்கு வெறும் புள்ளியாக நின்றுவிடும்.

எங்கள் பட்டையில் ஒட்டியிருந்தது ஒயிட்னர். மனுவில் திருத்தியதை ஈரத்தோடு ஃபீடரில் விட்டிருக்கிறோம். லேசாக நனைத்த துணியால் அண்ணாச்சி துடைத்தார், கோடு போய்விட்டது. இரண்டு நிமிஷ வேலை.

அதோடு முடியவில்லை. புது டிரம் போட்ட நாளிலிருந்து வருகிற ஃபேக்ஸில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன, முன்பு அப்படி இல்லை. அண்ணாச்சி ஸ்கேல் வைத்து அளந்தார். புள்ளிக்குப் புள்ளி 9.4 செ.மீ. எங்கள் மெஷினின் டிரம் குறுக்களவு 3 செ.மீ., அது ஒரு சுற்றுச் சுற்றினால் ஓடும் தூரம் அதுதான். அதாவது டிரம் மேல் ஒரு கீறல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி. போட்டது புதுசு இல்லை, யாரோ ஓட்டிக் கழித்தது. சர்வீஸுக்கு முந்தின நாள் நான் எடுத்து வைத்த மெஷின் ரிப்போர்ட்டில் என் டிரம் ஆயுள் 58 சதவீதம் மிச்சம் என்று இருக்கிறது. இப்போது 100 காட்டுகிறது, ஆனால் எங்கள் மாடலில் அந்தக் கணக்கைக் கையாலேயே மாற்றி வைக்கலாம். நல்ல டிரம்மைக் கொண்டுபோய்விட்டு, கழித்ததை மாட்டி, எண்ணை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார். அவர் டிரம்மைக் கழற்றி வெயில் விழுகிற மேஜையில் திறந்து வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் டிரம் கெடும். வேலை தெரிந்தவர் துணியாவது பேப்பராவது போட்டு மூடுவார்.

பேப்பர் இழுக்காததற்கு, மோட்டார் போய்விட்டது, இன்னும் 4,500 ஆகும் என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தார். உண்மையான காரணம், தாளை இழுக்கும் பிக்கப் ரோலரில் படிந்த தாள் தூசி. அதை அவர் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு நாள் நன்றாக இழுத்தது, பிறகு ரப்பர் விறைத்து வெடித்துவிட்டது. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதுமாம். ரோலரை மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஃபீடரில் இரண்டாகப் போனதற்குத் தாள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் செப்பரேஷன் பேட் தேய்ந்தது காரணம், அதையும் அண்ணாச்சி மாற்றினார். சாமானும் கூலியும் சேர்த்து 750 ரூபாய், கையோடு பில். மழைக்காலத்தில் ரீமைப் பிரித்துப் போட்டு வைக்காதே, ஈரம் இழுத்த தாள் ஒட்டிக்கொண்டுதான் வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, பிழைப்புக்காக நானே நடத்தும் கடை என்று மனுவில் தெளிவாக எழுத வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கையில் இருப்பது யுபிஐ ரசீது, முந்தின நாள் ரிப்போர்ட், 9.4 செ.மீ. இடைவெளியில் புள்ளி விழுந்த நான்கு தாள்கள். பில் இல்லாதது பெரிய குறைதான்.

அந்த அம்மாவின் மனுவை எதிர்க்கடையிலிருந்து மறுபடி அனுப்பினோம். 3 பக்கமும் போனது. அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் மணி, என் கடை ரிப்போர்ட்டில் இருப்பதற்கு 50 நிமிஷம் பிந்தியது.