மூன்றாம் நாள் டீசலை யார் ஊற்றுவது? டெல்டாவின் அவசரகாலத் தொடர்புக்கு நான்கு வழிகள்

கஜா புயல் கரையைக் கடந்த இரண்டாம் நாள், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராம நிர்வாக அலுவலகத்தின் திண்ணையில், டிராக்டரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பேட்டரியில் இரண்டு கம்பிகளை முறுக்கிக் கட்டி, காவல் துறையின் வயர்லெஸ் செட் ஒன்றுக்கு உயிர் கொடுத்திருந்தார்கள். அங்கே நின்றவர்களிடம் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் கைபேசி இணைப்புகள் இருந்தும் எதிலும் ஒரு கோடுகூட இல்லை. பள்ளிக்கூட முகாமில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட, அந்த மைக்கில்தான் வண்டி கேட்டார்கள். கன்ட்ரோலிலிருந்து பதிலும் வந்தது. ஆனால் கேட்டவர்கள் காவல் துறையினர். 108 வண்டி வேறொரு கட்டுப்பாட்டு அறையின் கீழ் இருந்தது. வழியில் விழுந்து கிடந்த மரங்களை அறுக்க வேண்டிய தீயணைப்புத் துறை தனது சொந்த அலைவரிசையில் இருந்தது. செய்தி மைக்கிலிருந்து காதுக்கும், காதிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் மாறிப் போய்ச் சேருவதற்குள், ஊர்க்காரர்களே அரிவாளும் ரம்பமுமாக வழி செய்து, அந்தப் பெண்ணை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு சென்றுவிட்டார்கள்.

அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2018 ஜூனில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரையை வெளியிட்டிருந்தது. காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தி, மீட்புப் படை ஆகிய எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசவும் படமும் வரைபடமும் அனுப்பவும் வசதியாக, நாடு தழுவிய தனி அகண்ட அலைவரிசை வலையமைப்பு ஒன்று வேண்டும் என்பதும், அதற்கென அலைக்கற்றையை ஒதுக்கி, உள்துறை அமைச்சகத்தின் கீழ் ஒரு சிறப்பு நிறுவனத்தை ஏற்படுத்த வேண்டும் என்பதும் அதன் சாரம். இத்தகைய வலையை யார் கட்டுவது என்று பேச்சு எழும்போதெல்லாம், அரசா தனியாரா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுவது நம் வழக்கமாகிவிட்டது. இந்த வாதத்தால் பயனில்லை என்பது என் எண்ணம். எந்த வழியில் போனாலும் கோபுரத்தை நிறுத்துபவரும் கருவியைச் செய்பவரும் தனியார் ஒப்பந்ததாரர்தான். 108 சேவையையே 2008 முதல் அரசுச் செலவில் ஒரு வெளி நிறுவனம் ஒப்பந்தத்தின்பேரில் நடத்தி வருகிறது. அதை டெல்டாவில் யாரும் அந்நியமாகக் கருதுவதில்லை. ஒப்பந்தம் முடிகிற நாளில் கோபுரமும் அலைக்கற்றையும் யார் கையில் இருக்கும், மின்சாரம் போன மூன்றாம் நாள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது யார் பொறுப்பு என்ற இரண்டையும் வைத்தே வழிகளை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, இப்போது இருப்பதையே செம்மைப்படுத்திக்கொள்வது. காவல் துறையின் பழைய வயர்லெஸ் முறையை ஏளனமாகப் பார்ப்பவர்கள் டெல்டாவின் நிலத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. முப்பது மீட்டர் உயரக் கோபுரத்தில் ஆண்டெனா இருந்தால், தடையில்லாத சமவெளியில் கையில் பிடித்த செட் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவு வரை அதன் பார்வைக்குள் இருக்கும். மலை குறுக்கிடாத இந்த மண்ணில் அது ஒரு வரம். தென்னந்தோப்புகளும் செட்டின் குறைந்த திறனும் அந்தத் தொலைவைக் கணிசமாகக் குறைத்துவிடும் என்பது உண்மைதான்; ஆயினும் ஒரு வட்டத்துக்குச் சில கோபுரங்கள் போதும் என்ற நிலை, நூற்றுக்கணக்கான கைபேசிக் கோபுரங்களை நம்பியிருப்பதைவிட எவ்வளவோ மேலானது. கோபுரமே விழுந்தாலும், அருகருகே இருக்கிற இரண்டு செட்டுகள் தமக்குள் நேராகப் பேசிக்கொள்ளும். கைபேசியால் இது ஆகாது. குறை எங்கே என்றால், பேச்சைத் தவிர வேறெதுவும் போகாது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், துறைக்கு ஒரு வேலி என்ற ஏற்பாடு தொடரும். திண்ணையில் நான் கண்ட தாமதத்துக்குக் காரணம் அந்த வேலிதான். கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி பிரிட்டன் போன வழி. அங்கே 2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஒப்பந்தத்தின்படி ஏர்வேவ் என்ற வலையைத் தனியார் நிறுவனமே தன் முதலீட்டில் கட்டி, தானே சொந்தமாக வைத்துக்கொண்டு, காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தி ஆகிய சேவைகளிடம் கட்டணம் வாங்கியது. டெட்ரா என்னும் டிஜிட்டல் வயர்லெஸ் தொழில்நுட்பம் அதன் அடிப்படை. வலை நன்றாகவே வேலை செய்தது. சிக்கல் அதிலிருந்து வெளியேற முயன்றபோதுதான் முளைத்தது. 2019 இறுதிக்குள் அதை மூடிவிட்டு, வணிகக் கைபேசி வலையின்மேல் இயங்கும் புதிய அமைப்புக்கு மாறுவதாக இருந்த திட்டம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 2016 இல் ஏர்வேவை வாங்கிய மோட்டோரோலா, புதிய அமைப்பின் முக்கிய ஒப்பந்ததாரர்களுள் ஒன்றாகவும் இருந்தது. பழையது நீடிக்கும்வரை அதற்கு வரவு. புதியது தாமதமானாலும் அந்த வரவுக்குக் குறைவில்லை. கடைசியில், 2023 இல், அந்நாட்டின் போட்டி ஆணையம் தலையிட்டு ஏர்வேவ் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. குத்தகைக்குப் போன நிலத்தில் குத்தகைதாரரே போர்வெல்லும் போட்டு, மோட்டார் கொட்டகையும் கட்டிக்கொண்ட பிறகு நிலத்துக்காரர் பேரம் பேசப் போனால் என்ன ஆகும் என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, அமெரிக்க வழி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது இரட்டைக் கோபுரங்களில் தீயணைப்பு வீரர்களின் வயர்லெஸ் சரிவர எட்டாமல் போன அனுபவத்திலிருந்து பிறந்தது, அவசரப் பணியாளர்களுக்கான ஃபர்ஸ்ட்நெட் என்ற வலை. 2012 இல் சட்டம் இயற்றி, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஒதுக்கினார்கள். 2017 இல் ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசு 650 கோடி டாலரும் அலைக்கற்றையும் தரும். நிறுவனம் தன் வணிக வலையோடு சேர்த்துக் கட்டும். அவசரப் பணியாளர்களுக்கு முதலிடம் கொடுத்தது போக எஞ்சும் கொள்ளளவை மற்ற வாடிக்கையாளர்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். செலவு, வேகம், கருவிகளின் வகை ஆகிய மூன்றிலும் இந்த வழிக்கு நிகரில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2020 டிசம்பர் 25 அன்று நாஷ்வில் நகரில் அந்த நிறுவனத்தின் தொலைத்தொடர்புக் கட்டடத்துக்கு வெளியே வாகன வெடிகுண்டு வெடித்தது. தீயும் தண்ணீருமாகச் சேர்ந்து மின்சார மாற்று ஏற்பாடுகளைச் செயலிழக்கச் செய்தன. சுற்றியிருந்த மாநிலங்கள் வரை கைபேசிச் சேவையும் அவசர அழைப்பும் முடங்கியபோது, ஃபர்ஸ்ட்நெட்டும் அவற்றோடு சேர்ந்தே தடுமாறியது. முன்னுரிமை என்பது ஓடுகிற பேருந்தில் உட்கார இடம் வாங்கித் தரும். பேருந்தே நின்றுவிட்டால் அதனால் பயனில்லை. கஜா இரவுக்குப் பின் எந்த நிறுவனத்தின் கோபுரமும் பேசாத ஊர்களை நினைத்தால், இந்த ஒற்றை நூலில் டெல்டாவைக் கட்டித் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

நான்காவது, தென்கொரியா தேர்ந்தது. 2014 இல் சேவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தபோது, மீட்புக்கு வந்த அமைப்புகளின் தொடர்பு ஒருங்கிணையாமல் இருந்தது பெரிய குற்றச்சாட்டாயிற்று. அதன்பின் அரசே உரிமையாளராக இருந்து, அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கட்டுமானத்தையும் இயக்கத்தையும் ஒப்படைத்து, 2021 இல் நாடு தழுவிய எல்டிஇ (4ஜி கைபேசித் தொழில்நுட்பம்) வலையை முடித்தது. உரிமை அரசிடம், உழைப்பு தனியாரிடம் என்ற இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதுதான். ஆனாலும் 2022 அக்டோபரில் சியோலின் இடேவோன் நெரிசலில் 159 பேர் மாண்டபோது, காவலும் தீயணைப்பும் மருத்துவமும் ஒன்றோடொன்று பேச அந்த வலையைப் பெரும்பாலும் பயன்படுத்தவே இல்லை என்பது தெரியவந்தது. கருவி வேலை செய்தது, கைகளுக்குப் பழக்கமில்லை.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் எல்லாம் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில்தான் தீர்மானமாகிறது. ஒப்பந்தப்புள்ளிகளில் சேவை 99.9 சதவீத நேரம் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் நாம் நிம்மதி அடைந்துவிடுகிறோம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம், அதில் 0.1 சதவீதம் என்பது எட்டே முக்கால் மணி நேரம். ஆண்டு முழுவதும் குறையில்லாமல் ஓடி, நவம்பரில் புயல் கரையேறும் ஓர் இரவு மட்டும் எட்டே முக்கால் மணி நேரம் படுத்துவிட்ட வலைக்கு, அந்தக் கணக்குப்படி ஒரு ரூபாய் அபராதமும் விதிக்க முடியாது. 99.5 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 44 மணி நேரம் தப்பித்துவிடலாம். போதாக்குறைக்கு, இயற்கைச் சீற்றத்தால் ஏற்படும் தடைக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பல்ல என்ற வழக்கமான விதியும் வேறொரு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். புயலுக்கென்றே கட்டுகிற வலைக்குப் புயலிலிருந்து விலக்கு! எனவே அளவை ஆண்டு முழுவதற்கும் வைக்காமல், வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுக்கும் நேரத்திலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குத் தனியாகக் கணக்கிட வேண்டும். அபராதத்தில் பெரும்பகுதியை அந்த மூன்று நாளின்மேல் ஏற்ற வேண்டும். இயற்கைச் சீற்ற விலக்கு அந்த மூன்று நாளுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இதனால் ஒப்பந்தத் தொகை உயரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உயரும் தொகைதான் அந்தச் சேவையின் உண்மை விலை.

என் தேர்வு ஒரே வழியாக இல்லை. பேச்சுக்கான முதுகெலும்பு அரசின் சொத்தாக இருக்க வேண்டும்: காவல், தீயணைப்பு, வருவாய், மருத்துவ ஊர்தி ஆகிய நான்கும் ஒரு பொது அலைவரிசையில் சந்திக்கக்கூடிய டிஜிட்டல் வயர்லெஸ். இதைத் தனியார் கட்டலாம், ஐந்தாண்டு பராமரிக்கலாம். ஒப்பந்தம் முடியும் நாளில் கோபுரமும், சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டரும், அலைவரிசை உரிமமும் மறுபேச்சின்றி அரசிடம் இருக்க வேண்டும். படம், வரைபடம், நோயாளி விவரம் ஆகியவற்றுக்கு அமெரிக்க வழியில் வணிக வலைகளை முன்னுரிமையோடு வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் குறைந்தது இரண்டு நிறுவனங்களிடமிருந்து எடுக்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே கோபுரத்தில் ஆண்டெனா மாட்டியவையாக இருந்தால் அதை இரண்டு என்று எண்ணக்கூடாது. செயற்கைக்கோள் தொலைபேசி மாவட்டத் தலைநகருக்கும் கோடியக்கரை போன்ற கடைக்கோடிக்கும் போதும். அதற்குத் திறந்த வானம் வேண்டும், அதை வைத்து நூறு பேர் வேலை செய்ய முடியாது. உரிமம் பெற்ற ஹாம் வானொலி ஆர்வலர்கள் பேரிடர்களில் பெரிய துணையாக இருந்திருக்கிறார்கள். அவர்களை விருந்தினராக அழைக்கலாம், அவர்கள்மேல் பாரத்தைச் சுமத்தலாகாது.

இனி டீசல். கஜாவில் கோபுரங்கள் எல்லாமே விழவில்லை. நின்றவற்றில் பலவும் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்து, எண்ணெய் கொண்டுவரும் வண்டிக்கு வழியில்லாமல் அடங்கிப்போயின. வெட்டாறும் வெண்ணாறும் அவற்றின் கிளைகளும் குறுக்கே ஓடுகிற நாட்டில் ஒரு பாலத்தின் அணுகுசாலை உடைந்தால் இரண்டு வட்டங்கள் தனித்தீவுகளாகிவிடும் என்பது அறுவடை நெல்லை ஏற்றிப் போகிறவர்களுக்குக் கூடத் தெரியும். ஆகவே ஒப்பந்தத்தோடு ஓர் இணைப்புப் பட்டியல் இருக்க வேண்டும்: ஒவ்வொரு கோபுரத்துக்கும் மூன்று நாள் டீசல், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரத்துக்குள், ஆற்றின் அதே கரையில் உள்ள எந்தக் கட்டடத்தில் இருப்பு வைக்கப்படும், அந்தக் கட்டடத்தின் சாவி உள்ளூரில் யாரிடம் இருக்கும், அவர் ஊரில் இல்லையென்றால் இரண்டாவது சாவி யாரிடம் என்று பெயர் பெயராக. அந்தப் பட்டியலை ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துவிடக் கூடும் என்பதால், அதே வாரத்தில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தி, நான்கு துறையினரும் அந்தப் பொது அலைவரிசையில் மட்டுமே பேசி, ஒரு வண்டியை முகாமுக்கு வரவழைத்துக் காட்ட வேண்டும். அதைக் காட்டாதவரை அந்த ஆண்டின் முதல் தவணைப் பணத்தை விடுவிக்கக்கூடாது.