வீட்டில் ஒரே ஒரு மாமரம்: இமாம் பசந்தா, நீலமா, ஆம்ரபாலியா?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஒரு மாங்கன்று வைக்கலாம் என்று நர்சரிக்குப் போனால் பத்தில் எட்டுப் பேர் இமாம் பசந்தைத்தான் கேட்கிறார்கள். சாப்பிட்ட ருசி அப்படி. மெல்லிய தோல், நாரே இல்லாத சதை, ஒரு பழமே அரை கிலோ வரை தேறும். ஆனால் சந்தையில் அது ஏன் அந்த விலை விற்கிறது என்று யோசிக்க வேண்டும். மரம் தாராளமாகக் காய்ப்பதில்லை. ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் பெரும்பாலும் இலைதான். காய்த்த கிளை களைத்துப்போய், அடுத்த பூவுக்கு வேண்டிய குருத்தை நேரத்துக்கு விடுவதில்லை. அதோடு மரம் பரந்து வளரும். தோப்பில் இருபது மரம் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை, ஒரே மரம் வைப்பவருக்கு ஏமாற்றம்தான்.

நீலம் இதற்கு நேர் எதிர். வருஷம் தவறாமல் காய்க்கும். மற்ற ரகங்கள் ஓய்ந்த பிறகு, ஜூன், ஜூலையில்தான் பழம் வரும். குமரி மாவட்டத்தில் பருவம் தப்பியும் காய்க்கிறது. குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: வண்டு. வெளியே பளபளவென்று இருக்கும், அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று நடந்து வரும். பிஞ்சிலேயே முட்டை வைத்துவிடுவதால் பழுத்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. உதிர்ந்த காய்களையும் கொட்டைகளையும் மரத்தடியில் கிடக்க விடாமல் அப்புறப்படுத்தினால் அடுத்த வருஷம் கொஞ்சம் குறையும்.

ஆம்ரபாலி, தசேரியையும் நீலத்தையும் கலந்து டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் உருவாக்கிய குட்டை ரகம். இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 1,600 கன்று நடலாம் என்றே சொல்கிறார்கள். வழக்கமான மாந்தோப்பில் நூறு மரம் நிற்கும் இடம் அது. நீலத்தின் வாரிசு என்பதால் வருஷா வருஷம் காய்க்கும். சதை நல்ல ஆரஞ்சு நிறம், இனிப்பும் தூக்கல். பழம் சின்னது, கொத்தாகக் காய்த்தால் இன்னும் சிறுத்துவிடும். மல்கோவா சாப்பிட்டுப் பழகிய வீட்டுப் பெரியவர்கள் "இது என்ன மாங்காயா?" என்று கேட்கக்கூடும்.

என் ஓட்டு ஆம்ரபாலிக்குத்தான். நின்றபடியே கை எட்டிப் பறிக்கலாம், மதில் தாண்டிப் பக்கத்து வீட்டோடு வம்பும் வராது. இடம் தாராளமாக இருந்து, ஊறுகாய்க்கும் சாம்பாருக்கும் காய் வேண்டுமென்றால் நீலம். இமாம் பசந்தை வருஷத்துக்கு இரண்டு கிலோ காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

கன்று வாங்கும்போது கவனம். சின்னதில் எல்லா ரகமும் ஒன்று போலத்தான் இருக்கும், அட்டையை நம்புவதைவிட அரசு தோட்டக்கலைப் பண்ணையில் வாங்குவது மேல். எந்த ரகமானாலும் ஒட்டுக்கட்டிய இடம், அதாவது நாட்டு மாங்கன்றோடு நல்ல ரகத்தின் கிளையை இணைத்த இடம், மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிவிடுங்கள், விட்டால் நாட்டு மாதான் வளரும். முதல் மூன்று வருஷம் பூவையும் உதிர்த்துவிட வேண்டும். மரம் பெரிதான பிறகு நவம்பர், டிசம்பரில் தண்ணீரை நிறுத்துங்கள். அப்போது ஊற்றிக்கொண்டே இருந்தால் பூவுக்குப் பதில் கொழுந்துதான் வரும். கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டுவது, பழம் பறித்த கையோடு.