"உங்கள் நாய்க்குள் இருக்கும் ஓநாயை அடக்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால்

நாய் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "நாய் என்பது வீட்டுக்குள் இருக்கும் ஓநாய்தான். கூட்டத்துக்கு யார் தலைவன் என்று காட்டிவிட்டால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும்" என்று பேசும் ஒரு பயிற்சியாளரிடம் எங்கள் நாயை விட்டோம். பணமும் போனது, நாயும் முன்னைவிட மோசமாகித் திரும்பியது.

எங்கள் நாயிடம் இருந்த தொல்லை ஒன்றுதான். சாப்பிடும்போது யாராவது தட்டருகே போனால் உறுமும். கடித்தது கிடையாது. வந்து பார்த்தவர், "இது உங்களை ஆளப் பார்க்கிறது" என்றார். தன் இடத்திலேயே தங்கவைத்துப் பயிற்சி, முழுத் தொகையும் முதலிலேயே, நடுவில் வந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் கவனம் சிதறுமாம். வீடியோ மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் நாயின் காது பின்னால் ஒட்டியிருக்கும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். "பாருங்கள், எவ்வளவு அமைதி!" என்று பின்னால் அவர் குரல். அமைதியாவது ஒன்றாவது! நாய்க்கு உதறல் எடுத்தால் காட்டும் அடையாளங்கள் அவை.

வீட்டுக்கு வந்ததும் கழுத்து முடியை விலக்கிப் பார்த்தோம். வரிசையாகச் சின்னச் சின்னப் புண்கள். உள்பக்கம் முள் வைத்த பட்டையைப் போட்டு இழுத்திருக்கிறார். கொடியில் துணி எடுக்கக் கையைத் தூக்கினால் போதும், தரையோடு ஒட்டிப் படுத்துச் சிறுநீர் விட்டுவிடுகிறது. உறுமல் நின்றது உண்மைதான். ஆனால் தட்டைத் தாண்டி நடந்த என் தங்கையைச் சத்தமே இல்லாமல் கடித்துவிட்டது. உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை மட்டும்தான் போகும், உள்ளே இருக்கும் பயம் அப்படியே இருக்கும். புகார் சொன்னபோது அவர் தந்த பதில்: "நீங்கள் தலைவனாக நடந்துகொள்ளவில்லை. அடுத்த கட்டப் பயிற்சிக்குச் சேருங்கள்." அதற்குத் தனிக் கட்டணம்!

அந்த 'தலைவன்' கதை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர், பாசெல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. பின்னால் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய புத்தகம் வழியாக அது ஊரெல்லாம் பரவியது. அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பின்தொடர்ந்துவிட்டு, 1999-இல் வேறு மாதிரி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். பதவிக்கு அடிதடி போடும் கும்பல் இல்லை. தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்திடம் அவரே கேட்டார். எங்கள் பயிற்சியாளரோ இன்னமும் அந்தப் பழைய கதையை வைத்துத்தான் பிழைக்கிறார்.

சரி, ஓநாய் அப்படியே இருந்தாலும் நாய் ஓநாய் இல்லையே! மனிதரோடு அது பிரிந்து வந்து பதினாலாயிரம் வருஷத்துக்குக் குறையாது. ஹங்கேரியில் ஆடம் மிக்லோஷி குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், குட்டியிலிருந்து கையில் வளர்த்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் எடுக்க முடியாதபடி தீனியை வைத்தார்கள். ஓநாய்கள் தீனியோடு மல்லுக்கட்டின. நாய்கள் சீக்கிரமே திரும்பி மனிதர் முகத்தைப் பார்த்தன. பயிற்சி முழுக்க அந்தப் பார்வையில்தான் நிற்கிறது. எங்கள் நாய் இப்போது முகத்தையே பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது.

காட்டு விலங்கைப் பழக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. முகலாயர்கள் சிவிங்கிப்புலியை வேட்டைக்குப் பழக்கினார்கள். ஆனால் காட்டில் பிடித்து வந்த ஒவ்வொன்றையும் முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. ரஷ்யாவில் பெல்யாயெவ் என்ற மரபியல் விஞ்ஞானி 1959-இல் தொடங்கிய நரிச் சோதனை வேறு வகை. மனிதரைக் கண்டு மிரளாத, சீறாத நரிகளாகவே பொறுக்கி இனம் பெருக்கினார்கள். சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. மிரளாத குணத்தால்தான் அவை நெருங்கி வந்தன. எங்கள் பயிற்சியாளரோ பிறவியிலேயே மிரளாத நாயை மிரள வைத்து அனுப்பியிருக்கிறார்.

அப்புறம், எங்கள் பூனையைப் பார்த்துவிட்டு, "இதைப் பழக்கவே முடியாது, தப்பு செய்தால் தண்ணீர் பீய்ச்சுங்கள்" என்று இலவச ஆலோசனை வேறு. 1898-இல் தார்ன்டைக் என்ற உளவியலாளர், விலங்குகள் தாழ்ப்பாள் போட்ட பெட்டிகளைத் திறந்து வெளியே வரக் கற்றுக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்ததே முக்கியமாகப் பூனைகளை வைத்துத்தான். பூனையின் மூதாதையான காட்டுப்பூனை தனியாக வேட்டையாடுவது, அதனால் நம்மைத் திருப்திப்படுத்தும் அக்கறை அதற்குக் குறைவு. லாபம் இருந்தால் செய்யும். எங்களுடையது க்ளிக்கர் (அழுத்தினால் 'க்ளிக்' என்று ஒலிக்கும் சின்னப் பயிற்சிக் கருவி) சத்தத்துக்கும் ஒரு துண்டு மீனுக்கும் தானாகக் கூண்டுக்குள் போய் உட்கார்கிறது.

நாய்க்கு இப்போது கால்நடை மருத்துவர் சொன்ன வழி: தட்டைக் கடக்கும்போதெல்லாம், தள்ளி நின்றே, அதில் இருப்பதைவிட நல்ல தீனி ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. மெதுவாகத்தான் நடக்கிறது. நேற்று லேசாக உறுமியது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பயிற்சியாளர் தேடுபவர்கள் ஒரு கேள்வியை மட்டும் விடாதீர்கள்: "நாய் சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்?" பதில் மழுப்பலாக இருந்தாலோ, பயிற்சியைப் பார்க்க விடமாட்டேன் என்றாலோ கிளம்பிவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். புண்களின் படங்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்தது, அவரே அனுப்பிய வீடியோக்கள் எல்லாம் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறோம். உங்கள் நாயையும் இப்படி எங்காவது விட்டிருந்தால் வந்த வீடியோக்களை அழித்துவிடாதீர்கள், கேட்க ஆள் வரும்போது தேவைப்படும்.