இமாடினிப் குளிசை: வருடக்கணக்கில் எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

நாட்பட்ட மயலோயிட் இரத்தப் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரிப் பேச்சில் சீஎம்எல் என்று பெயர். அதற்கு இமாடினிப் எடுக்கும் ஒருவர் திருகோணமலைச் சந்தையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்றால், நோயாளி என்றே சொல்லமாட்டீர்கள். காலையில் கண்ணிமை கொஞ்சம் அதைத்திருக்கும், அவ்வளவுதான். மருந்தின் பெருமையும் ஆபத்தும் இதில்தான் இருக்கின்றன. உடம்பு சுகமாக இருக்கும்போதுதான் குளிசையை விடத் தோன்றும்.

9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் கோளாறான ஒரு புரதம் பிறக்கிறது. ஓயாமல் வெள்ளணுக்களைப் பெருக்கச் சொல்வது அதுதான். இமாடினிப் அந்தப் புரதத்தில் போய் அமர்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து இது. தொடக்க நிலையில் இதை எடுக்கத் தொடங்கியவர்களை நீண்ட காலம் கவனித்த பெரிய ஆய்வில், 10 ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் ஏறக்குறைய 83 வீதம். ஜிஸ்ட் எனும் இரைப்பை, குடல் கட்டிக்கும் இதே குளிசை கொடுக்கப்படுகிறது.

சீஎம்எல் தொடக்க நிலைக்கு வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். நாளின் பெரிய சாப்பாட்டோடு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீருடன் விழுங்க வேண்டும். பிளேன்டியோடு ஒரு பிஸ்கட் கடித்துவிட்டுப் போட்டால் குமட்டலும் சத்தியும் வரும். புட்டோ சோறோ வயிறாரச் சாப்பிட்டு நடுவில் போடுவது நல்லது, போட்டதும் படுக்கக் கூடாது. விழுங்கச் சிரமமென்றால் இடிக்க வேண்டாம். 400 குளிசையை 200 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கிக் கரைந்தவுடன் குடித்துவிடலாம். சத்தி எடுத்துவிட்டால் அதற்காக இன்னொன்று போடக் கூடாது. தவறிய நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாகவும் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: குளிசை 100, 400 என இரண்டு அளவில் வரும். ஒரு மாதம் 400 இல்லாமல் 100 தந்தால் நான்கு போட வேண்டும். பழக்கத்தில் ஒன்றே போட்டால் கால்வாசி மருந்துதான் உடம்புக்குப் போகும். கம்பனி மாறினால் நிறமும் மாறும் என்பதால், மருந்து வாங்கிய இடத்திலேயே அட்டையை வாசித்துப் பாருங்கள். மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ கிளினிக் போகிறவர்கள் இரண்டு வாரத்துக் கையிருப்பு மிச்சம் இருக்கும்படி திகதியை அமைத்துக்கொள்வது நல்லது. இரவு ரயிலில் போவதென்றால் குளிசை கைப்பையில் இருக்கட்டும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு காலக் கேள்வி வரும். ஒரு வேளை மட்டும் எடுப்பவர், டொக்டர் சம்மதித்தால், நோன்பு திறந்து சாப்பிட்டதோடு போடலாம். 800 எடுப்பவருக்கு அது இரண்டு வேளை மருந்து, ஆகவே கட்டாயம் கேட்க வேண்டும். கந்தசஷ்டி பிடிப்பவர்கள் முழுப் பட்டினி கிடக்காமல் ஒரு நேரமாவது சாப்பிடும் விரதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பக்கவிளைவுகள். கண்ணைச் சுற்றி அதைப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, வயிற்றோட்டம், களைப்பு, தோல் வெளுப்பது எல்லாம் சாதாரணம். நோய்ப் புரதத்தை மட்டுமன்றி, தோல் நிறம் போன்றவற்றோடு தொடர்புள்ள வேறு புரதங்களையும் மருந்து தொடுவதே காரணம். உப்பு கூடினால் அதைப்பும் கூடும். கருவாடும் ஊறுகாயும் நாளாந்தச் சாப்பாடாக இருக்கும் வீடுகளில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் குறைத்தால் நிச்சயம் வித்தியாசம் தெரியும். இமை அதைப்பைப் பற்றிப் பயமில்லை. சில நாளில் நிறை 2 கிலோவுக்கு மேல் ஏறி மூச்சும் வாங்கினால் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் மாதம் வாராவாரம், அடுத்த மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 2, 3 மாதத்துக்கு ஒருமுறை இரத்த அணு எண்ணிக்கை பார்ப்பார்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் 1000க்குக் கீழேயோ, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 50,000க்குக் கீழேயோ போனால் டொக்டர் தற்காலிகமாக நிறுத்தி, ஏறியதும் தொடங்குவார். அது அவர் எடுக்கும் முடிவு. ஈரலுக்கான சோதனையும் தொடர்ந்து வேண்டும். மாரி காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்குவும் மருந்தும் சேர்ந்து பிளேட்லெட்டைக் குறைக்கக்கூடும், ஆகவே தாமதிக்காமல் இரத்தம் பாருங்கள். டைக்ளோபெனக், இபுப்ரோபென் போன்ற வலிக் குளிசைகளைக் கேட்காமல் போடக் கூடாது. பரசிட்டமோலிலும் அளவு மீறாதீர்கள்.

மற்ற மருந்துகளில் எச்சரிக்கை வேண்டும். காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பெனிட்டோயின், கார்பமசெபின் இமாடினிபின் அளவைக் குறைத்துவிடும். கிருமிக்கான கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் கூட்டிவிடும். பம்பளிமாஸையும் தவிருங்கள். ‘இயற்கை’ என்று விற்கும் சூரணம், கஷாயங்களில் என்ன இருக்கிறதென்று தெரியாது, ஈரல்தான் விலை கொடுக்கும். தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி சோதனை செய்திருக்க வேண்டும், ஏனெனில் அடங்கிக் கிடந்த வைரஸ் கிளம்பக்கூடும். கர்ப்பத்தில் இந்த மருந்து ஆகாது. பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே டொக்டரோடு திட்டமிட வேண்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை உடம்பு சொல்லாது, கோளாறான மரபணு இரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று வீதத்தில் அளக்கும் பிசிஆர் சோதனைதான் சொல்லும். 3 மாதத்தில் 10 வீதத்துக்குள், 6 மாதத்தில் 1 வீதத்துக்குள், 12 மாதத்தில் 0.1 வீதத்துக்குள் வர வேண்டும். ஒரே ஆய்வுகூடத்தில் தொடர்ந்து செய்தால்தான் எண்களை ஒப்பிடலாம். எண் ஏறினால் முதற்கேள்வி, குளிசை தவறியதா என்பது. மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் தவறவிடுபவர்களுக்குப் பலன் தெளிவாகக் குறைகிறது. ஒழுங்காக எடுத்தும் ஏறினால் நோயின் மரபணு மாறியிருக்கலாம், வேறு மருந்து பார்ப்பார்கள்.

நிறுத்தலாமா என்றால், குறைந்தது 3 ஆண்டு எடுத்து, 2 ஆண்டாவது நோய் மிக ஆழமாக அடங்கியிருந்தவர்கள் சிலர், நிபுணர் மேற்பார்வையில் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். திரும்ப எடுத்தால் அநேகமாக அடங்கிவிடும், ஆனால் மாதாமாதம் பிசிஆர் செய்ய முடியாதவர்கள் இதை நினைக்கவே வேண்டாம். நிறுத்திய பிறகு சில மாதம் மூட்டும் தசையும் நோகலாம். நோய் வந்துவிட்டதென்று பதறிக் குளிசையை மறுபடி போடாமல், பிசிஆர் எண் வரும்வரை பொறுங்கள்.