கரண்ட் கணக்குக் காட்டும் கருவி: ரூ.8,500 போச்சு, வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க

2024 மே 11ஆம் தேதி ஈபி ரீடிங் எடுத்தார்கள். பில் 8,530 ரூபாய். அதே நேரம் என் போனில் இருந்த அந்தக் கருவியின் ஆப் காட்டிய தொகை 5,270. அன்றையிலிருந்து ஆறு நாளாக அலைகிறேன், ஒருத்தரும் பொறுப்பெடுக்கவில்லை. இன்று மதியம் கடைக்காரர் பேசிய பேச்சுக்குப் பிறகு இதை எழுதாமல் படுக்க முடியாது.

மார்ச் முதல் வாரம், அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து மதுரை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். அவர் அறையில் ஏசி போட்டே ஆக வேண்டும், எங்கள் அறையில் இன்னொன்று. கோடையில் கரண்ட் பில் எகிறும் என்று தெரியும். தினமும் எவ்வளவு ஆகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். டவுனில் ஸ்மார்ட் ஹோம் சாமான் விற்கும் கடை ஒன்று. பேர் சொல்லவில்லை. வீட்டுக்குள் கரண்ட் பிரியும் டிபி பாக்ஸுக்குள் மெயின் ஒயரைச் சுற்றி ஒரு கிளாம்ப், பக்கத்தில் சின்ன டப்பா, போனில் ஆப். கருவி 7,800, மாட்டுக்கூலி 700. மொத்தம் 8,500.

நான் உடனே பணம் கொடுக்கவில்லை. "ஈபி பில்லும் இதுவும் ஒத்துப் போகுமா? நமக்கு யூனிட் ஏற ஏற விலை ஏறும் ஸ்லாப் கணக்காச்சே?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டேன் என்பதற்கு என் மனைவி சாட்சி. கடைக்காரர், "பழைய பில் எதாச்சும் இருக்கா சார்?" என்றார். போன வருஷக் கோடை பில் போனில் இருந்தது: 640 யூனிட், 3,110 ரூபாய். அவர் கால்குலேட்டரை எடுத்து என் கண் முன்னால் 640ஐ 4.50ஆல் பெருக்கினார். 2,880. "பாருங்க சார், இருநூத்துச் சொச்சம்தான் வித்தியாசம். உங்க வீட்டுக்கு 4.50 போட்டா பில் அப்படியே காட்டும்" என்றார். அந்த ஒரு பெருக்கலை நம்பித்தான் ஜிபேயில் 8,500 அனுப்பினேன். மறுநாள் மாட்ட வந்த பையன் என் போனை வாங்கி, செட்டிங்ஸில் யூனிட் விலை கேட்ட இடத்தில் 4.50 என்று அவனே அடித்தான். மாதம் 3,000 தாண்டினால் மணி அடிக்கும்படி பட்ஜெட்டும் அவனே வைத்துக் கொடுத்தான்.

ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி அம்மா, "இந்த ஏசி ஒரு நாளைக்கு எவ்வளவு தம்பி தின்னுது?" என்று கேட்டார். போனைக் காட்டினேன். 'இன்று ரூ.95' என்று பச்சை எழுத்தில் இருந்தது. "வீடு மொத்தத்துக்கும் சேர்த்தே 95 தாம்மா, நீங்க நிம்மதியா போட்டுக்கோங்க" என்றேன். ஏப்ரல் முழுக்கக் கூட்டி 2,870தான் காட்டியது. மணி அடிக்கவே இல்லை.

பில் வந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஈபி கணக்கு 1,180 யூனிட், ஆப் கணக்கு 1,171. யூனிட்டில் குறை சொல்ல மாட்டேன், சரியாகத்தான் அளந்திருக்கிறது. கோளாறு முழுக்க அந்த 4.50இல்.

2022 செப்டம்பர் 10இல் வந்து, இந்த 2024 மே பில்லுக்கும் போட்ட விகிதம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் முடித்தால் 101 முதல் 200 வரை 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகையே கிடையாது. 101இலிருந்து 400 வரை 4.50, அடுத்த நூறு 6, 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11. இதன்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் ஏறும் கணக்கு இது. இதற்கு ஒரே விலையைப் போட்டால் எப்படி ஒத்துப் போகும்?

போன வருஷ 640 யூனிட்டுக்குச் சராசரி 4.86 வந்தது. அதனால்தான் கடையில் அந்தப் பெருக்கல் சரி மாதிரி தெரிந்தது. இந்தத் தடவை 1,180க்குச் சராசரி 7 ரூபாய்க்கு மேல். மே மாதம் ஓடிய யூனிட் எல்லாம் கிட்டத்தட்ட 11 ரூபாய் யூனிட். ஆப் 95 காட்டிய மாதிரி நாளில் எங்கள் வீட்டுச் செலவு உண்மையில் 230ஐத் தொட்டிருக்கிறது. அது அன்றைக்கே தெரிந்திருந்தால் எங்கள் அறை ஏசியை நிறுத்திவிட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்திருப்போம். அதற்குத்தானே 8,500 கொடுத்து வாங்கினேன்?

முதல் நாள் கடைக்குப் போன் செய்தேன். "யூனிட் மேட்ச் ஆகுதா சார்? அப்ப டிவைஸ் ஓகே" என்று வைத்துவிட்டார். மறுநாள் நேரில் போனேன். "ரேட் போடுறது கஸ்டமர் வேலை சார்." உங்கள் பையன்தானே என் போனில் அடித்தான் என்றேன். "அவன் இப்ப வேலையில இல்ல." சரி, கருவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், 8,500இல் மாட்டுக்கூலியைக் கழித்துக்கொண்டாவது கொடுங்கள் என்று கேட்டேன். பாக்ஸ் பிரித்தால் ரிட்டர்ன் இல்லையாம். வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. என் கையில் இருப்பது பில்கூட இல்லை, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட். ஜிஎஸ்டி பில் அப்புறம் வாட்ஸாப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

ஆப்காரர்களின் கஸ்டமர் கேருக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து, 'நேரத்துக்கு நேரம் மாறும் விலை' என்ற ஆப்ஷனைப் போடுங்கள் என்று பதில். அது பகலுக்கு ஒரு ரேட், ராத்திரிக்கு ஒரு ரேட் இருக்கும் ஊருக்கு. நம்ம வீட்டு இணைப்புக்கு அப்படிக் கிடையாது, யூனிட் ஏற ஏறத்தான் விலை ஏறும் என்று பொறுமையாக விளக்கி, பில்லைப் படம் பிடித்தும் அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று சொல்லிப் புகாரையே மூடிவிட்டார்கள்.

நாலாம் நாள் கடைக்காரர் புது யோசனை சொன்னார். "8 ரூபாய்னு போட்டுக்கோங்க சார், சரியாயிடும்." அடுத்த பில் 700 யூனிட்டுக்கு இறங்கினால் இதே விகிதப்படி உண்மையில் 3,650 வரும், 8 போட்டால் ஆப் 5,600 காட்டும். இதை அவருக்கு எழுதிக் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை.

இன்று மதியம் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. வருஷத்துக்கு 1,200 கட்டி ஆப்பில் பிரீமியம் போட்டால் ஸ்லாப் வசதி வருமாம். ஏற்கெனவே 8,500 போனவனிடம் இன்னும் 1,200! சரி, காட்டுங்கள் என்றேன். அவர் போனிலேயே பார்த்தேன். ஸ்லாப் போடலாம், உண்மைதான். ஆனால் அது ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி புதுசாக ஆரம்பிக்கிறது. நமக்கு ஸ்லாப் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் ரீடிங் தேதியிலிருந்து. அந்த ஆப் மாதாமாதம் 100 யூனிட்டை இலவசமாகக் கழித்து, மறுபடி 4.50இலிருந்து தொடங்கும். என் வீட்டு 1,180ஐ மாதம் 590ஆகப் பிரித்தால் 2,670, இன்னொரு 2,670, மொத்தம் 5,340. வந்த பில் 8,530! இதைச் சொன்னதும் "எல்லா கஸ்டமரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க, உங்களுக்கு மட்டும்தான் பிரச்சனை" என்றார். மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் எத்தனை வீட்டில் என் அம்மா மாதிரி ஒருவர் இருப்பாரோ. பில் தொகை காதில் விழுந்த அன்று ராத்திரி அம்மா அவராகவே ஏசியை நிறுத்திவிட்டுப் படுத்திருந்தார். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. கத்திரி வெயில், ஆபரேஷன் பண்ணிய கால்.

வாங்குகிறவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். மணி பதினொன்று ஆகிவிட்டது, அவசரமாக நாலு வார்த்தை. கடையில் ரேட் செட்டிங்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்லாப் இருக்கிறதா, இரண்டு மாதக் கணக்கு வைக்க முடியுமா, தொடங்கும் தேதியை நாமே போட முடியுமா, இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ரூபாய் கணக்கை நம்பாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ரீடிங் தேதியிலிருந்து யூனிட்டை மட்டும் குறித்து வைத்து, மின்வாரிய இணையதளத்தில் இருக்கும் பில் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அது இலவசம். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

நாளைக் காலை 1915, நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு பண்ணப் போகிறேன். மதுரையில் வேறு யாராவது இதே மாதிரி ஏமாந்திருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், கடைக்குச் சேர்ந்தே போய்க் கேட்போம். அந்த 8,500 எனக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.