நாயனத்தை ஆன்லைனில் ஏற்றி ஐந்து ஆண்டுகள்: கடலூரிலிருந்து ஒரு கணக்கு

2020 சித்திரையிலும் வைகாசியிலும் எங்கள் நாகஸ்வரம்–தவில் செட்டுக்குப் பேசி வைத்திருந்த முகூர்த்தங்கள் அத்தனையும் ஊரடங்கில் போயின. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தபின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஆண்டு ஆவணியில், திருப்பாதிரிப்புலியூரில் நண்பர் ஒருவரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் நானும் தவில் அண்ணனும் ஒன்பது உருப்படிகளைப் பதிவு செய்தோம். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி ஒன்று, தோடி ராக ஆலாபனை ஒன்று, நான்கு கீர்த்தனைகள், ஊஞ்சல், நலங்கு, கடைசியில் நாற்பது விநாடிக் கெட்டிமேளம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக், ஜியோசாவன் என எல்லாத் தளங்களிலும் ஏற்றித்தரும் விநியோக நிறுவனம் ஒன்றில் ஆண்டுச் சந்தா கட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை அதே கணக்குத்தான்.

பலரும் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு முறை கேட்டால் எவ்வளவு வரும் என்பதைத்தான். அப்படி ஒரு நிலையான கூலி கிடையாது. சந்தாவிலும் விளம்பரத்திலும் வந்த பணத்தை ஒன்றாகச் சேர்த்து, தளத்தின் பங்கு போக மீதியை, மொத்தத்தில் நம் பதிவு எத்தனை முறை ஒலித்தது என்ற விகிதப்படி பிரிக்கிறார்கள். ஆகவே என் மல்லாரி பங்கு கேட்டு நிற்பது, கோடிக்கணக்கான முறை ஒலிக்கும் சினிமாப் பாட்டு நிற்கும் அதே வரிசையில். ஐந்தாண்டுகளில் வருமானம் அதிகம் வந்த ஆண்டிலும், அந்தப் பணம் திருவாவடுதுறையிலிருந்து நான் வரவழைக்கும் சீவாளிகளுக்கு, அதாவது நாயனத்தின் முனையில் செருகி ஊதும் நாணல் துண்டுகளுக்கு, போதவில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது ஒலிக்காத பதிவுக்கு அங்கே பணம் கிடையாது. என் ஒன்பதில் ஐந்து அப்படி விழுந்தன.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. முப்பது விநாடி ஓடினால் ஒரு முறை என்பது கணக்கு. எங்கள் தோடி இருபத்திரண்டு நிமிடம். கீழ்ஸ்தாயியில் தொடங்கி, காந்தாரத்தில் நின்று, மெல்ல மேலேறிப் போகிற ஆலாபனை. அதை முழுவதும் உட்கார்ந்து கேட்டாலும் ஒன்றுதான், மூன்று நிமிடப் பாட்டைக் கேட்டாலும் ஒன்றுதான். இரண்டாம் ஆண்டில் ஆசைப்பட்டு அதை ஆறு துண்டாக்கித் தனித்தனிப் பதிவாக ஏற்றினேன். அண்ணன் கேட்டுவிட்டு, "தம்பி, மூச்சு எடுக்கிற இடத்தில் வெட்டியிருக்கிறாய். அடுத்த பிடி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். மறுநாளே ஆறையும் எடுத்துவிட்டேன். கோயில் புறப்பாட்டில் இரவெல்லாம் வாசித்து வளர்ந்த கலைக்கு இந்த அளவுகோல் பொருந்தவே பொருந்தாது.

எங்கள் பதிவுகளில் அதிகம் ஒலிப்பது அந்தக் கெட்டிமேளம். அது ஏன் என்பது எனக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு திருமணத்தில்தான் புரிந்தது. விருந்தினனாகப் போயிருந்தேன். மேடையில் மேளம் இல்லை. ஓரத்தில் ஒரு ஸ்பீக்கர், கைப்பேசியுடன் ஒரு பையன். ஐயர் விரலை உயர்த்தினார். பையன் திரையைத் தேடி அழுத்துவதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிட்டது. இரண்டாம் முடிச்சுக்கு ஒலி வந்தது. தொடக்கத்தில் சீவாளி லேசாக இழுக்கிற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, அது என் நாயனம். தவில் அண்ணன் அங்கே இருந்திருந்தால் ஐயரின் விரலிலிருந்து கண்ணை எடுத்திருக்க மாட்டார். செலவைச் சுருக்க நினைத்த அந்தக் குடும்பத்தின் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் நான்கு பேருக்கு ஒரு நாள் கூலியாக இருந்திருக்க வேண்டிய இடத்தில் எங்கள் பதிவே நின்றது. அதற்கு உரிமத்தொகை கேட்கவும் வழியில்லை. திருமணச் சடங்குகளிலும் அதையொட்டிய ஊர்வலம், கொண்டாட்டங்களிலும் பதிவை ஒலிக்கவிடுவது மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது.

யூடியூபில் இன்னொரு தொல்லை. தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவர் கீர்த்தனைக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. என் வாசிப்பின் பதிவு மட்டுமே எனக்குச் சொந்தம். அதற்கே பழைய நாகஸ்வரத் தொகுப்பு ஒன்றை வைத்திருந்த யாரோ தானியங்கி முறையில் உரிமை கோரினார்கள். ஒரே ராகம், ஒரே கீர்த்தனை, ஒரே வாத்தியம், இயந்திரம் குழம்பிவிட்டது. நான் மறுப்பு அனுப்பினேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதுவரை பணம் நிறுத்திவைக்கப்பட்டது, பிறகு விடுவித்தார்கள். பதிவு செய்த நாள், கூடத்தின் ரசீது, வெட்டாத மூலக்கோப்பு மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். எனக்குக் கைகொடுத்தவை அவைதான்.

2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது மின்சாரம் இல்லை, கைப்பேசியும் நனைந்துபோனது. சந்தா புதுப்பிக்கும் நாள் கடந்துவிட்டது. மின்சாரம் வந்து பார்த்தபோது எல்லாத் தளங்களிலிருந்தும் ஒன்பது பதிவுகளும் நீக்கப்பட்டிருந்தன. சந்தா கட்டாவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. நான்தான் சரியாகப் படிக்கவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு எழுத்து அடையாளக் குறியீடு உண்டு. அதை நோட்டில் எழுதி வைத்திருந்ததால், அதே குறியீட்டோடு மறுபடி ஏற்றி, பழைய எண்ணிக்கையை மீட்க முடிந்தது. விநியோக நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதா, வருமானத்தில் ஒரு பங்கு கொடுப்பதா என்று யோசிப்பவர்களுக்கு என் கருத்து: பதிவுகள் குறைவாக இருந்தால் பங்கு முறையே நல்லது.

நல்லதும் நடந்தது. பாரிஸில் இருக்கும் ஒரு புதுச்சேரிக் குடும்பம் மல்லாரியைக் கேட்டு, வில்லியனூரில் நடத்திய திருமணத்துக்கு எங்கள் செட்டையே அழைத்தது. அந்த ஒரு நாள் சம்பளம், ஐந்தாண்டில் தளங்கள் தந்த மொத்தத்தைத் தாண்டியது. மலேசியாவிலிருந்து இரண்டு மாணவர்கள் வீடியோவில் என்னிடம் பாடம் கேட்கிறார்கள். எனக்குச் சோறு போடுவது இன்றும் முகூர்த்தம், கோயில் சேவை, பாடம் இவை மூன்றுந்தான். ஆனால் அந்த வேலை என்னைத் தேடி வருவதற்குப் பதிவுகள் வழி செய்கின்றன.

பதிவேற்றும்போது நான் செய்த பெரிய தவறு, கலைஞர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதியது. மேடையில் செட்டுக்கு வந்த பணத்தை அன்றிரவே பங்கு பிரிப்போம். இங்கே மூன்றாண்டுகள் அண்ணனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. "வந்ததே கொஞ்சம்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது அநியாயம். அவருடைய தவில் இல்லாமல் அந்த மல்லாரி இல்லை. நிறுவனத்தில் பங்கு பிரிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அவருக்கு மின்னஞ்சல் கிடையாது. அதனால் தையில் அறிக்கையை அச்செடுத்து, எழுதிய கணக்கோடு பாதியை அவர் கையில் கொடுக்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி ஏற்றியபோது ஒன்பதிலும் அவர் பெயரைச் சேர்த்தேன்.

வரும் ஆவணியில் மறுபடி பதிவு செய்கிறோம். இந்த முறையும் தோடிதான், கூடவே தவிலில் தனி ஆவர்த்தனம். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது என்கிறார் அண்ணன். ஒரே பதிவாக, வெட்டாமல் ஏற்றப் போகிறேன்.